வாடகை அப்பா

உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் வரன் தேடும் செயலியில் கணக்கு மகன் பெயரில் இருக்கும். அதை உருட்டும் கட்டைவிரல் பெரும்பாலும் அப்பாவுடையது. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனத்தில் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு என்று அவர் பதிவார். பங்காளிகள் மூவருக்கும் அது பாகம் பிரியாத சொத்து என்று எழுதச் செயலியில் கட்டம் இல்லை. படத்தில் மகனுக்கு முன்நெற்றி நிறைய முடி. பின்னால் நிற்கும் கார் தாய்மாமனுடையது. எதிர்ப்பக்கம் பெண் பெயரில் 'வணக்கம்ங்க' என்று பதில் போடுபவரும் ஓர் அப்பாவே. ஆக, பல நாள் இரவு பத்து மணிக்கு மேல் பேசிப் பழகியவர்கள் இரு சம்பந்திகள்.

இந்த வரன் தேடலில் அப்பா எவ்வளவு அவசியம் என்பதைக் கோவையில் 2018 ஜனவரியில் பதிவான ஒரு வழக்கு காட்டியது. திருமணத் தளம் வழியே பழகி, வெளிநாட்டு மாப்பிள்ளை ஒருவரிடம் சுமார் 41 லட்சம் ரூபாய் பெற்றதாக ஒரு நடிகை கைதானார். தந்தையாக நடித்தவர் என்று போலீசார் சொன்ன ஒருவரும் உடன் கைதானார். பெண்ணை மட்டும் காட்டினால் கொங்கு நாட்டில் காசு பெயராது. அப்பாவையும் காட்ட வேண்டும்.

திருமணத் தளங்களுக்கு 2016 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, பதிவு செய்பவரின் அடையாளச் சான்றைச் சரிபார்க்கச் சொல்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில், கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாமன் காரில் சாய்ந்து படம் எடுப்பது அதில் சேராது.