ரைன்காரர்

மகள் பிராங்பர்ட்டில் வேலைக்குப் போய்ச் சேர்ந்த மறுகோடையில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு ரைன்காரர் உருவாகிறார். பெரும்பாலும் ரிட்டயர்டு பேங்க் ஆபீசர். தெருமுனைக் கடையில் கொத்தமல்லி வாங்கக்கூட ஸ்கூட்டரை உதைத்தவர். மாப்பிள்ளை நாலு நாள் ரைன் கரையோரம் நடத்திக் கூட்டிப்போனாலும் போனார், நடை என்பதே ஜெர்மனிக்காரன் கண்டுபிடித்தது என்ற முடிவோடு ஊர் திரும்பிவிட்டார்.

"பிங்கன்லேர்ந்து கோப்லென்ஸ் 65 கிலோமீட்டர். ரெண்டு கரையிலும் சரிவு பூரா திராட்சை. மேலே பார்த்தா கோட்டை, திரும்பினா இன்னொரு கோட்டை. 2002-லயே யுனெஸ்கோகாரன் பட்டியல்ல ஏத்திட்டான்!" நம் பெரிய கோயில் 1987-லேயே ஏறிவிட்டது என்று யாராவது முணுமுணுத்தால் அவர் காதில் விழாது. அடுத்த அதிசயத்துக்குப் போயிருப்பார். "மூட்டை முடிச்சைக் கம்பெனிக்காரனே அடுத்த ஊர் ஓட்டல்ல கொண்டுபோய் வச்சிடுவான். நாம கையை வீசிக்கிட்டு நடக்கவேண்டியதுதான். நம்மூர்ல இதெல்லாம் யாருக்குய்யா தோணும்?"

இவரை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் சித்திரையில் திருவையாறு ஏழூர்த் திருவிழாவுக்குப் போக வேண்டும். ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில், புதுமாப்பிள்ளை நந்தி சுயசாம்பிகையோடு வெட்டிவேர்ப் பல்லக்கில், பின்னாலேயே ஜனங்கள். பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி, நெய்த்தானம் என்று சுற்றித் திரும்பும் நடை. நந்தி கல்யாணத்துக்குப் பழம் பழனத்திலிருந்து, சோறு சோற்றுத்துறையிலிருந்து, பூ பூந்துருத்தியிலிருந்து, நெய் நெய்த்தானத்திலிருந்து வந்தது என்பது ஐதீகம். வழிநெடுக ஏற்பாடு செய்யும் கம்பெனி இங்கே எப்போதோ நடந்திருக்கிறது. அதன் மேனேஜர் யார் என்று ரைன்காரர்தான் கேட்கவில்லை.

கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அகல விளிம்புத் தொப்பி, இரண்டு கையிலும் மடக்குக் கம்பு, முதுகுப் பையிலிருந்து வாய்க்கு ஒரு தண்ணீர்க் குழாய், கணுக்காலை மூடிய பூட்ஸ். பக்கத்தில் இடுப்பில் துணிமூட்டையும் வாயில் வெற்றிலையுமாக ஒரு பாட்டி வெறுங்காலோடு அவரைத் தாண்டிப் போவாள். மோர்ப் பந்தலில் கம்பு இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தவிக்கையில், "குடு தம்பி, நான் புடிச்சுக்கறேன்" என்பவளும் அவளேதான்.

ஆற்றில் இறங்கினதும் குறை ஆரம்பமாகும். "ரைன்ல கோடையிலும் கப்பல் போவுது. இங்க பாருங்க, வெறும் மணல்!" மேட்டூரை ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-க்குத்தான் திறப்பது வழக்கம் என்பது பிறந்ததிலிருந்து அவருக்கும் தெரிந்த சங்கதிதான். பல்லக்குத் தூக்கும் பெரியவர் தோள் மாற்றிக்கொண்டே சொல்வார்: "தண்ணி ஓடினா பல்லக்கு எப்படிங்க ஐயா அக்கரைக்குப் போகும்?"

வெற்றிலைக் கொடிக்காலைக் கண்டதும்தான் முகம் மலரும். அகத்தியைப் பற்றி ஏறிய கொடிகளைப் படமெடுத்து, 'நம்ம வைன்யார்டு' என்று மகளுக்கு அனுப்புவார். கண்டியூர் கோபுரம் 'காஸில்' ஆகிவிடும்.

திருவிழா முடிந்தால் தனிநடை. அங்கேதான் டெல்டா அவரைத் தோற்கடிக்கிறது. இந்த ஊரில் ஒரு பெரியமனுஷர் சும்மா நடக்க முடியாது. ஆற்றங்கரைச் சாலையில் நூறடி போவதற்குள் டிவிஎஸ் 50 ஒன்று பக்கத்தில் வந்து நிற்கும்.

"என்ன பெரியப்பா, வண்டி பஞ்சரா?"

"இல்லப்பா, நடக்கிறேன்."

"வேண்டுதலா?"

"அதெல்லாம் இல்லை. சும்மா."

பையன் குரலைத் தாழ்த்துவான். "சுகரா?"

ரைன்காரர் வாக்கிங் ஹாலிடே என்றால் என்ன என்று பிங்கனிலிருந்து ஆரம்பிப்பார். பையன் கோப்லென்ஸ் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி பெரியப்பா, வெயில் ஏறுது, உட்காருங்க" என்பான். அப்பா பேரைக் கேட்டால் தூரத்துச் சொந்தமாக வேறு இருக்கும். சொந்தக்காரப் பையன் கூப்பிட்டு ஏறாமல் போனால் சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்க, அவருக்கும் அந்த வீட்டுக்கும் மனஸ்தாபம் என்று ஆகிவிடும்.

ஏறிவிடுவார். மடக்குக் கம்பு இரண்டும் உரமூட்டைமேல் குறுக்கே கிடக்கும். படுகைப் பாதைப் பள்ளங்களில் வண்டி குலுங்கக் குலுங்க, மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் அவர் நடப்பதாகவே நினைத்து அடிகளை எண்ணிக்கொண்டு வரும். கடைத்தெரு வந்ததும் அன்றைய இலக்கு முடிந்ததற்குப் பாராட்டுத் தெரிவித்து ஒரு முறை அதிரும். அதை அப்படியே படமெடுத்து பிராங்பர்ட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் காபிக்குச் சொல்வார்.