விழுந்து வளர்த்த தம்: நெடுநேரக் குத்துச்சண்டை குறித்து ஓர் ஆய்வு

அந்தக் காலத்துக் குத்துச்சண்டைக்காரர்கள் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்டால், "அப்போது சாப்பாடு அப்படி" என்று சொல்ல எந்த ஊர்த் திண்ணையிலும் ஒரு பெரியவர் இருப்பார். இக்கொள்கையை ஆய்வுலகம் மதித்துப் பரிசீலிக்காதது பெருங்குறை. அதைத் தீர்க்கவே இக்கட்டுரை. எமது கருதுகோள் சற்று வேறு: அவர்களுடைய தம், பெரும்பாலும் கீழே விழுந்து சம்பாதித்தது.

முதலில் சாப்பாடு. 1811இல் இங்கிலாந்துச் சாம்பியன் டாம் கிரிப், அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின வீரர் டாம் மொலினோவுடன் இரண்டாம் முறை மோத இருந்தார். அவரைத் தயார்செய்தவர் கேப்டன் பார்க்ளே. லேசுப்பட்ட ஆள் இல்லை. 1809இல் நியூமார்க்கெட்டில் மணிக்கு ஒரு மைல் வீதம் 1,000 மணி நேரம், இரவு பகல் பாராமல், 1,000 மைல் நடந்து 1,000 கினி பந்தயம் ஜெயித்தவர். அவருடைய முறையில் தொடக்கமே பேதி மருந்து. வயிறு ஒழிந்ததும், கம்பளி உடுப்போடு நாலு மைல் ஓட்டம். ஓடிவந்தவருக்குச் சுடச்சுட ஒரு கஷாயம்: சீமைச்சோம்பு, கொத்துமல்லி விதை, அதிமதுரம், கற்கண்டு, எல்லாவற்றையும் இரண்டு புட்டி சைடரில் போட்டுப் பாதியாகச் சுண்டக் காய்ச்சியது. (சைடரைக் கழித்துவிட்டால் நம் பாட்டிமார் இதற்கு உரிமை கோரலாம்.) பிறகு மெத்தைகளுக்கு இடையே போட்டு மூடி, வியர்வை பிழிவது. தின்ன அரைவேக்காட்டு மாட்டுக்கறியும் ஆட்டுக்கறியும் காய்ந்த ரொட்டியும். குடிக்கப் பழைய பீர். காய்கறி, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. வெறும் தண்ணீரும் கூடாது.

இத்தனையையும் தாண்டி உயிரோடு இருந்த கிரிப், சுமார் 100 கிலோவிலிருந்து 85 கிலோவாக இளைத்தார். மொலினோவோ, சண்டையன்று காலை ஒரு முழுக் கோழியையும் ஆப்பிள் பையையும் தின்றுவிட்டு வந்தார் என்று கதை சொல்வார்கள். செப்டம்பர் 28 அன்று, 11 சுற்றில், ஏறக்குறைய 20 நிமிடத்தில் மொலினோவின் தாடை உடைந்து சண்டை முடிந்தது. வாரக்கணக்கில் வளர்த்த தம் எவ்வளவு என்று அளக்க வழியில்லாமல் போயிற்று. ஆய்வாளனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் வெற்றி கிடையாது.

ஆகவே சாப்பாட்டை விட்டு விதிகளுக்கு வருவோம். 1838இன் லண்டன் விதிகளின்படி சுற்றுக்கு நேர வரம்பு இல்லை. ஒருவன் விழுந்தால் சுற்று முடிந்தது. அரை நிமிடம் ஓய்வு. அடுத்த எட்டு நொடிக்குள் யார் துணையுமின்றி நடுக்கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். அடி வாங்காமல் விழுவது குற்றம். ஆகவே, பட்டும் படாமலும் ஒரு அடியை வாங்கிக்கொண்டு சாய்வது பெரிய வித்தையானது.

1889 ஜூலை 8 அன்று மிசிசிப்பி மாநிலம் ரிச்பர்க்கில், கொளுத்தும் வெயிலில், ஜான் சல்லிவனோடு மோதிய ஜேக் கில்ரைன் இதில் கைதேர்ந்தவர். சல்லிவனைக் குடியிலிருந்து மீட்டு, தம் பண்ணையில் வைத்து மல்யுத்தமும் கயிறு தாண்டலுமாக உடம்பைத் தேற்றியவர் வில்லியம் மல்டூன். ஆனாலும் 44ஆம் சுற்றில் சல்லிவன் களத்திலேயே வாந்தி எடுத்தார். அவருக்குக் கொடுத்தது விஸ்கி கலந்த தேநீர். வயிறு விஸ்கியை வைத்துக்கொண்டு தேநீரை மட்டும் திருப்பி அனுப்பியது என்பது அக்காலத்துக் கேலி. 75 சுற்று, 2 மணி 16 நிமிடம் கழித்து, கில்ரைன் தரப்பு பஞ்சை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டது. இடையில் 74 ஓய்வு, அதாவது 37 நிமிடம். மொத்தத்தில் கால் பங்குக்குச் சற்று மேல்.

எதிர்ச்சான்று ஒன்றை மறைக்கக் கூடாது. 1855இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஜேம்ஸ் கெல்லியும் ஜோனதன் ஸ்மித்தும் 6 மணி 15 நிமிடம் மோதினார்கள், சுற்றுகளோ 17தான். சுற்றுக்குச் சராசரி 22 நிமிடம். மனிதனாகப் பிறந்த எவனும் 22 நிமிடம் விடாமல் குத்த முடியாது. விழாமலேயே ஓய்வெடுக்கும் கலையை இவ்விருவரும் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று கொண்டு மேலே செல்கிறோம்.

லண்டன் விதிகளின் இடத்தைப் பின்னர் பிடித்தவை குவீன்ஸ்பெரி விதிகள். கையில் உறை, சுற்றுக்கு மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிட ஓய்வு. விழுந்தால் லாபமில்லை. 1893 ஏப்ரலில் நியூ ஆர்லியன்சில் ஆண்டி போவனும் ஜாக் பர்க்கும் 110 சுற்று மோதினார்கள். 330 நிமிடம் சண்டை, 109 நிமிடம் உட்கார்வு, ஆக 7 மணி 19 நிமிடம். ஓய்வு மறுபடியும் அதே கால் பங்கு! விழுந்தாலும் உட்கார்ந்தாலும் உடம்பு தன் பங்கைக் கறாராக வசூலிக்கிறது. இதைக் 'கால் பங்கு விதி' என்று அழைக்க யாம் முன்மொழிகிறோம். இரண்டே சண்டைகளை வைத்து விதி வகுக்கலாமா என்று கேட்பவர்கள், மூன்றாவதை அவர்களே சண்டையிட்டுக் காட்டலாம்.

பர்க்கின் கை எலும்புகள் முறிந்துபோய், இருவராலும் முடியாமல், வெற்றி தோல்வி இல்லை என்று நடுவர் அறிவித்தபோது விடியப்போகும் நேரம். பார்வையாளர்களில் பலர் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இருந்தவர்களிலும் பலர் தூங்கிவிட்டார்கள். காசு கொடுத்து உட்கார்ந்தவர்களின் தம்மை வளர்ப்பது எப்படி என்று எந்தப் பயிற்றுநரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இத்தலைப்பில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய விரும்புவோர் முன்வரலாம். நெறியாளராக இருக்க யாம் தயார், கால் பங்கு ஓய்வோடு.