சுழி பார்த்தவன் முதுகு பார்க்கலை

வா சாமி, வா. ஆடிப் பண்டிகைக்கு அந்தியூர்ச் சந்தைக்குப் போயி கத்தியவார்க் குதிரை புடிச்சுட்டு வந்துட்டயாமா! காது ரெண்டும் நுனியில முட்டிக்கிட்டு நிக்குதுன்னு ஊரே பேசுது. நெத்திச் சுழி, நெஞ்சுச் சுழின்னு நாள் பூரா தடவிப் பார்த்தயாமே, முதுகை ஒருக்காத் தடவித் தேய்ச்சு விட்டயா?

"குதிரைக்கு மசாஜா? அதென்ன கல்யாண மாப்பிள்ளையா?"ன்னு சிரிக்கறே. சிரி, பல்லு நல்லாத்தான் இருக்குது.

நமக்குத் தோளையும் மாரையும் பூட்ட காறை எலும்புன்னு ஒண்ணு இருக்குது. குதிரைக்கு அது கிடையாது. முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவுல உடம்பு தூளி கட்டின மாதிரி வெறுஞ் சதையிலதான் தொங்குது. உடம்புப் பாரத்துல நூத்துக்கு 60 பங்கு முன்னங்கால் மேலதான். அது பத்தாதுன்னு நீ வேற ஏறி உட்கார்றே. அந்தத் தூளி இறுகிப்போச்சுன்னா எட்டு வெக்கறது குட்டையாகும். நீ சோம்பேறிக் குதிரைன்னு சாட்டையைத் தேடுவே. கொள்ளுன்னா வாயைத் தொறக்கும், கடிவாளம்னா மூடிக்கும்னு அதைப் பழிக்கறோம். முதுகு வலிக்குதுன்னு சொல்ல அதுக்கு வாய் ஏது?

ரெண்டு குதிரையைச் சேர்த்து மேய விட்டுப் பாரு. எதிரெதிரா நின்னுக்கிட்டு, பிடரி மயிர் முடியற மேட்டை ஒண்ணுக்கொண்ணு பல்லால கொறிச்சு விடும். அப்ப நெஞ்சடிப்பு தணியுதுன்னு அளந்தே பார்த்திருக்கறாங்க. நீ பல்லை வெக்க வேண்டாம், உள்ளங்கை போதும். அந்த மேட்டுல மெதுவா ஆரம்பி. ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலுப்பற ஜாதி அது. பரோட்டா மாவாட்டம் அடிச்சுப் பிசையாதே. முதுகெலும்பை விட்டுட்டு ரெண்டு பக்கச் சதையில மட்டும் கை போகோணும். தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, கொட்டாவி விட்டுச்சுன்னா கை நல்ல இடத்துல இருக்குதுன்னு அர்த்தம். காதைப் பின்னால மடக்கி வாலைச் சுழட்டினா கையை எடுத்துரு. அடுத்து வர்றது காலு.

காய்ச்சல், புண்ணு, வீக்கம், நொண்டல் எது இருந்தாலும் தேய்க்காதே, கால்நடை டாக்டரைக் கூப்பிடு. தேய்ச்சே நொண்டியை ஓட வெக்க முடியும்னா நான் ஏன் இந்தக் கயித்துக் கட்டில்ல கெடக்கறேன்?

இன்னொண்ணு. தினமும் தேய்ச்சாத்தான் எது இளகின சதை, எது கல்லாட்டம் இறுகினதுன்னு கைக்குப் புரியும். ஒரே எடத்துல திரும்பத் திரும்ப இறுகுச்சுன்னா சேணத்தைப் புரட்டிப் பாரு. அதுவும் செரியா இருந்தா, சேணத்து மேல மூட்டையாட்டம் சாய்ஞ்சு உட்கார்றவன் எவன்னு பாரு. கண்ணாடி உன்ற வீட்லயே இருக்குமல்லோ?

செரி, எடுத்த எடுப்புல குதிரைகிட்டப் போகாதே, கை பழகோணும். இந்தா, எம்முழங்கால். கீழுதடு தொங்குச்சுன்னா நிறுத்தீராதே. காது மடங்குதான்னு மட்டும் பார்த்துக்கோ.