முந்தல் மைனர்

மைனர் என்றதும் பட்டு ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாகத் திரிகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். முந்தல் மைனருக்குச் சாரம்தான். வலப்பக்கச் செருகலில் அங்குல ஸ்பானர், இடப்பக்கத்தில் மில்லிமீட்டர் ஸ்பானர். பட்டம் தந்தது அவருடைய மொரிஸ் மைனர் பிக்கப். கால் தொன் வண்டி, இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ. 1958இல் அந்தச் சிங்கள எழுத்தை அழித்துத் தமிழில் எழுதப் போராட்டமே நடந்தது. இவரோ வாரம் தவறாமல் அதைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்.

வண்டியோடு பிறந்த இஞ்சின் 948 சீசீ, 37 குதிரைச் சக்தி. நாலு மூட்டை இறால் தீன் ஏற்றினால் புத்தளம் வீதியில் முச்சக்கர வண்டிகூட ஹோன் அடித்துக் கடந்துவிடும். முந்தலில் இருந்துகொண்டு ஒருத்தரையும் முந்த முடியவில்லையே என்று மனிதர் உருகிப்போனார். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் டட்சன் சன்னியின் ஏ12 இஞ்சினை, 1171 சீசீ, வாங்கி வந்தார். சன்னி என்ற பெயரில் சனி நுழைந்தது அப்போதுதான்.

"சம்பந்தம் பிசகில்ல தம்பி. மைனர் இஞ்சின் ஒஸ்டின் வீட்டுப் பிள்ளை. 1952இல ஒஸ்டினோட ஒப்பந்தம் போட்டுக் கார் கட்டப் படிச்சவன் டட்சன் செஞ்ச நிசான்காரன். முறைப்பெண்தானே!"

முறைப்பெண் கியர்பொக்ஸைச் சீராகக் கொண்டுவந்தாள். அதற்குப் பழைய புரொபெல்லர் ஷாஃப்டின் நீளம் ஒத்துவரவில்லை. லேத் பட்டறையில் வெட்டி ஒட்டினார்கள். ஒட்டு மயிரிழை கோணியதில், வேகம் பிடித்தால் ஆசனம் மட்டுமல்ல, ஆசனத்தில் இருப்பவரின் பல்லும் ஆடியது. அதைச் சரிசெய்ததும் புது இஞ்சினின் இழுவை தாங்காமல் பின் அச்சு முறிந்தது. டிஃபரன்ஷலை மாற்றினார். இப்போது வண்டி பறக்கிறது, நிறுத்தத்தான் ஏலாது. பழைய டிரம் பிரேக்குக்கு இந்த வேகம் பழக்கமில்லை. ஆகவே டிஸ்க் பிரேக் தேடுகிறார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது, "நான் அப்பவே சொன்னேனே" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவர் எப்போது சொன்னார் என்று எவருக்கும் ஞாபகமில்லை. 2025 பெப்ரவரியில் கதவு திறந்ததும் இரண்டு நாள் ஆளையே காணவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, வண்டி அப்படியே ஒறிஜினல் என்பார். தளத்தகட்டைக் களப்பின் உப்புக்காற்று எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. எது ஒறிஜினல் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நெடுநேரம் வண்டியைச் சுற்றி வந்து, ஹோனைக் காட்டினார். அடித்தும் காட்டினார். சத்தம் வரவில்லை.

ஆடியில் உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்குப் போகையில் பஸ்ஸில் அவரைக் கண்டேன்.

"வண்டி எங்கே அண்ணே?"

"கராஜில. பிரேக்கோட வேலை முடிஞ்சுது."

போன வருடமும் ஏதோ ஒன்றோடு முடிந்திருந்தது. பஸ் மூன்றாம் கியருக்கு மாறியது. அவர் காதைச் சாய்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாரதியிடம் போய்க் குனிந்தார்.

"கிளட்ச் பிளேட் தேஞ்சிட்டுது தம்பி. பஞ்சிகாவத்தையில நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கிறார்."