எழுவாய்க் கதிரை

ஸ்காபரோ, ரொறன்ரோ

அன்புள்ள மச்சான்,

நானும் இஞ்ச பள்ளிக்கூடம் போறன். சிரிக்காதை. லிங்க் எண்டு 1992இல இருந்து நடக்கிற அரசாங்க இங்கிலீசு வகுப்பு. குடியேறின ஆக்கள் காசு கட்டத் தேவையில்லை. குடியுரிமைக்கு எழுதிப்போடுறதெண்டால், 18இல இருந்து 54 வயது மட்டும் உள்ள ஆக்கள் கதைக்கிறதிலயும் கேக்கிறதிலயும் நாலாம் படியையாவது எட்டவேணும். 55 ஆகுமட்டும் ஒளிச்சிருப்பம் எண்டால் உன்ர தங்கச்சி விடுறாளில்லை.

சொல்லுகளோட எனக்குச் சண்டையில்லை. எதுக்குப் பக்கத்தில எதை இருத்திறது எண்டதுதான் சண்டை. நாய் மனிசனைக் கடிச்சுது, மனிசனை நாய் கடிச்சுது, கடிச்சுது மனிசனை நாய் — தமிழில எப்பிடிச் சொன்னாலும் ஊசி மனிசனுக்குத்தான். அந்த 'ஐ' அவன் போற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு போகும். இங்கிலீசில 'டோக் பைற்ஸ் மான்' எண்டதை இடம் மாத்தினால் ஊசி நாய்க்கு! ஆயிரம் வருசத்துக்கு முந்தி அவங்களுக்கும் வேற்றுமை உருபுகள் இருந்ததாம், ரீச்சர் சொன்னா. அநேகமா எல்லாத்தையும் துலைச்சுப்போட்டு, இப்ப எங்களை வரிசையில நிக்கச் சொல்லுறாங்கள்.

அடைமொழிக்கும் வரிசை இருக்கு. டோல்கீன் எண்ட எழுத்தாளர் சின்னனில 'கிறீன் கிறேற் டிராகன்' எண்டு கதை எழுத, தாய் 'கிறேற் கிறீன்' எண்டுதான் வரவேணும் எண்டாவாம். ஏனெண்டு இன்னும் விளங்கேல்லை எண்டு 1955இல ஒரு கடிதத்தில எழுதியிருக்கிறார். ஒக்ஸ்போட்டில இங்கிலீசுப் பேராசிரியரா இருந்த மனிசனுக்கே அந்தக் கதியெண்டால், பருத்தித்துறையான் என்ன செய்வான்?

மழை பெய்தால் 'இற் இஸ் றெயினிங்'. "ஆர் அந்த இற்?" எண்டு என்ர வாங்கில இருக்கிற கொரியாக்கார அம்மா கேட்டா. அவவுக்கும் எங்களைப்போல வினை கடைசியில. ரீச்சர் சொன்னா, அந்த 'இற்' ஒருத்தருமில்லையாம், எழுவாய்க் கதிரை வெறுமையாக் கிடக்கக்கூடாது எண்டு ஒராளை இருத்தியிருக்காம். எங்கட கோயில் பரிபாலன சபையிலயும் அப்பிடி ஒராள் இருக்கிறார்.

பெரிய நட்டம் வேற, மச்சான். தமிழில வசனத்தைத் துவங்கிப்போட்டு, எதிரில நிக்கிறவன்ர முகத்தைப் பார்த்து முடிக்கலாம். "உங்கட காசை இந்தக் கிழமை தர..." எண்டு இழு. கண் சிவந்தால், "...த்தான் வந்தனான்". சிவக்காட்டி, "...ஏலாமக் கிடக்கு". இங்கிலீசில 'வில்'லோ 'வில் நொட்'டோ முதல் மூச்சிலயே கொட்டவேணும். பிறகெங்க தப்பிறது? வெள்ளைக்காரன் நேர்மையாக் கதைப்பான் எண்டு ஊரில புழுகுறாங்கள். அவன்ர இலக்கணம் அவனை வேற மாதிரிக் கதைக்க விடாது, அவ்வளவுதான்.

நீ ரைக்டருக்குக் கேட்ட காசு விசயம் மறக்கேல்லை. உன்ர தங்கச்சியோடயும் கதைச்சனான். வாற மாதம் கட்டாயம் அனுப்ப...

பஸ் வந்திட்டுது. மிச்சம் அடுத்த கடிதத்தில.

உன்ர மச்சான்