தம்பானூருக்கு 31.33 பஸ்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலைவிட்டு இறங்கி அரிஸ்டோ ஜங்ஷன் பக்கம் நாலடி நடந்தால் போதும். கரண்ட் கம்பம், லாட்ஜ் மதில், மூடிக் கிடக்கும் கடை ஷட்டர் என்று கண்ட இடமெல்லாம் டியூஷன் நோட்டீஸ். கணக்கில் நூற்றுக்கு நூறு, பயம் போக உத்தரவாதம், முதல் வகுப்பு இலவசம். பக்கத்திலேயே மூலம், பவுத்திரத்துக்கு ஆபரேஷன் இல்லாமல் நிவாரணம். ஒட்டியவன் விவரம் தெரிந்தவன்தான். இரண்டு நோய்க்கும் ஆயுசு கெட்டி, வைத்தியருக்கு வருமானமும் கெட்டி.

மாடியேறிப் போனால் பிளாஸ்டிக் நாற்காலிகள், முனகும் ஒற்றை மின்விசிறி, வியர்த்து வழியும் பிள்ளைகள். பலகையில் வாக்கியக் கணக்குக்கான நாலு மந்திரங்கள். ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு. ‘மீதி’ என்று வந்தால் கழி. ‘மடங்கு’ என்றால் பெருக்கு. ‘தலா’ என்றால் வகு. “மோனே, கத வாயிச்சு சமயம் களயண்டா” என்பார் மாஸ்டர். கதை படித்து நேரத்தைக் கெடுக்காதே. எண்ணுக்கு வட்டம் போடு, சொல்லைப் பிடி, போட்டுத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போ. இந்த ஞானோபதேசத்துக்கு மாதாமாதம் ஃபீஸ் வேறு.

மந்திரம் பலிக்கிறதா என்று பார்ப்போம். சாலை பஜாரில் ஒரு வியாபாரி 15 ஏத்தன் குலைகளை விற்றபின் 40 குலைகள் மீதி இருக்கின்றன. காலையில் எத்தனை குலைகளோடு கடை திறந்தார்? ‘மீதி’ வந்துவிட்டதே, பையன் கழித்துவிட்டான்: 25. காலையில் 25 குலையோடு கடை திறந்து, 15 விற்று, சாயங்காலம் 40 மிச்சம் வைத்திருக்கிறவர் வாழைக்குலை வியாபாரி இல்லை. மந்திரவாதி, அல்லது ஏதோ ஒரு மாநிலத்தின் நிதியமைச்சர். பையன் அதையெல்லாம் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்பதற்குத்தானே அப்பா ஃபீஸ் கட்டியிருக்கிறார்!

கேரள அரசு மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என்று பல மொழிகளில் பாடநூல் அச்சிடுகிறது. எந்த மொழியிலும் வாசிக்காமலேயே கணக்குப் போடலாம் என்பதில் மட்டும் நமக்குள் அபார ஒருமைப்பாடு. களியக்காவிளை எல்லையைத் தாண்டிவிட்டால் நாம் யோக்கியம் என்று யாரும் காலரைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். ‘முக்கியக் கணக்குகள்’ என்று நட்சத்திரம் குத்திய கைடைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அச்சுப் பிசகாமல் ஒப்பிக்கச் சொன்னவர்கள்தானே நாம்?

இது தமிழன், மலையாளி வியாதி மட்டும் என்றும் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். 1970களின் இறுதியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன? 97 பிள்ளைகளில் 76 பேர், கொடுத்த எண்களை வைத்து ஏதோ ஒரு கணக்கைப் போட்டு வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆட்டையும் ஆட்டையும் கூட்டினால் 36, கேப்டனுக்கு நல்ல வயசுதான். கேட்டது பள்ளிக்கூடம் என்றால் அதற்கு விடை இருந்தே தீரும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு அதற்குள் யாரோ நம்பவைத்திருந்தார்கள்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டது பஸ் கணக்கு. ஒரு ராணுவ பஸ்ஸில் 36 பேர் போகலாம். 1,128 வீரர்கள் போக வேண்டும். எத்தனை பஸ் தேவை? 100க்கு 70 பேர் வகுத்தலைச் சரியாகத்தான் செய்தார்கள். 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம். ‘31, மீதி 12’ என்று எழுதியவர்கள் 29 சதவீதம். அந்த 12 பேரைப் பாலைவனத்தில் இறக்கிவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

இதே கணக்கைத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவாருங்கள். ‘தேவையான பஸ் 31.33’ என்று முடித்து, அடியில் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு இழுத்தால் நம் தேர்வில் மார்க் விழும். கொடுக்கப்பட்டவை எழுதியாச்சு, காண வேண்டியது எழுதியாச்சு, சூத்திரம் எழுதியாச்சு, மூன்று புள்ளி வைத்து ‘எனவே’யும் போட்டாச்சு. அந்த 0.33 பஸ்ஸுக்கு ஸ்டியரிங் உண்டா, சக்கரம் எத்தனை என்று திருத்துகிறவர் கேட்கப்போவதில்லை. நாகர்கோவில் பஸ் கண்டக்டரிடம் கேட்டுப் பாருங்கள்: “20 பஸ் போதும் சார், பாக்கிப் பேர் நின்னுக்கிட்டு வருவாங்க.” அவர் வகுக்கவில்லை. ஆனால் கேள்வியைப் படித்திருக்கிறார். பஸ் என்றால் என்ன, ஜனம் என்றால் என்ன என்று தெரிந்து பதில் சொல்லியிருக்கிறார். அவருக்குத்தான் கணிதம் வரும். நாம் அவருக்கு சில்லறைப் பை கொடுத்துவிட்டோம்.

கதையைப் புரிந்துகொள்வதுதான் முதல் வேலை, கணக்குப் போடுவது அப்புறம் என்று ஹங்கேரியில் பிறந்த கணித மேதை ஜார்ஜ் போல்யா 1945லேயே புத்தகம் போட்டுச் சொல்லிவிட்டார். புரிந்துகொள், வழி தேடு, செய், திரும்பிப் பார். நம் ஆட்கள் முதலையும் கடைசியையும் வெட்டிவிட்டு நடுத்துண்டை மட்டும் விற்கிறார்கள். மீனில் நடுத்துண்டுக்குத்தான் விலை என்று எங்கோ தப்பாகக் கற்றுக்கொண்டு வந்த வியாபாரம்.

இத்தனைக்கும் இது சூத்திரத்துக்குக் காரணம் கேட்ட மண். 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் ‘யுக்திபாஷா’வை மலையாளத்தில் எழுதி, முடிவுகளை ஏன், எதனால் என்று விளக்கினார். தமிழில் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ பலாப்பழத்தை அறுக்காமலேயே உள்ளே எத்தனை சுளை என்று கணக்குக் கேட்டது. பழத்தைப் பார்த்திராதவன் அந்தக் கணக்கைத் தொட முடியாது. இன்று இந்த மண்ணின் பழைய கணித மேதை மாதவனின் பெயரை மேடைக்கு மேடை முழங்குகிறோம். இறங்கி வந்து, ‘கத வாயிக்கண்டா.’

சரி, வாசிக்காமல் எப்படி மார்க் வரும் என்கிறீர்களா? வழியா இல்லை? 2017 மார்ச் 20 அன்று நடந்த கேரள எஸ்.எஸ்.எல்.சி. கணக்குத் தேர்வின் கேள்விகள் ஒரு தனியார் நிறுவனத்தின் மாதிரித்தாளோடு ஒத்துப்போனது தெரிந்து, அரசு தேர்வையே ரத்து செய்து மார்ச் 30 அன்று மறுபடி நடத்தியது. 2024இல் அதே எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.69 சதவீதம். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே அரசு, எழுத்துத் தேர்வில் பாடத்துக்குக் குறைந்தது 30 சதவீதமாவது எடுத்தாக வேண்டும், எட்டாம் வகுப்பிலிருந்தே ஆரம்பிக்கிறோம் என்று முடிவெடுத்தது. 99.69 பேர் தேறிய ஊரில் 30க்கு எதற்கு வேலி? படிகளோடு விளக்குக. ஐந்து மதிப்பெண்.

வளர்ந்தவர்கள் போட்ட கணக்கையும் கொஞ்சம் திருத்துவோம். 2025 ஜூலை 1. கேரள பொறியியல் நுழைவுத் தேர்வு முடிவு. தேர்வெல்லாம் முடிந்த பிறகு, முடிவு வெளியான அதே நாளில், விதியை மாற்றினார்கள். ரேங்குக்குச் சேர்க்கும் மதிப்பெண்ணில் கணிதம், இயற்பியல், வேதியியல் விகிதம் 1:1:1 என்றிருந்தது 5:3:2 ஆனது. பழைய சூத்திரத்தில் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைகிறது என்ற குறை பழைய குறை, நியாயமும் உள்ள குறை. அதைத் தேர்வுக்கு முன்னால் உட்கார்ந்து தீர்த்திருக்க வேண்டும். இவர்கள் விடையைப் பார்த்துக்கொண்டே வினாவைத் திருத்தினார்கள். ஜூலை 9 அன்று உயர்நீதிமன்றம் பட்டியலை ரத்து செய்தது. ஜூலை 10 அன்று மேல்முறையீடும் தள்ளுபடி. அன்றைக்கே பழைய சூத்திரத்தில் புதுப் பட்டியல். முதலிடத்தில் இருந்த பிள்ளை ஏழாம் இடத்துக்குப் போனது. ஒன்பது நாள் ஊரெல்லாம் லட்டு கொடுத்த வீட்டுக்கு எந்த மந்திரச் சொல்லால் ஆறுதல் சொல்வீர்கள்? கணக்குப் பரீட்சைக்கு மார்க் போடுகிறவர்களுக்கே கணக்கின் முதல் வரியைப் படிக்கத் தெரியவில்லை.

இதெல்லாமாவது ரேங்க், மார்க். அடுத்த கணக்கு உயிர்.

2024 ஜூலை 13. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி, மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். 46 மணி நேரம் தேடி உடலை எடுத்தார்கள். உங்கள் இடம், உங்கள் பொறுப்பு என்றது மாநகராட்சி. உங்கள் ஊர்க் குப்பை என்றது ரயில்வே. கால்வாய் பாசனத் துறையினுடையது என்று ஒரு குரல். இத்தனைக்கும் மழை பெய்தால் தம்பானூர் மூழ்குகிறது என்று 2015லேயே ‘ஆபரேஷன் அனந்தா’ என்று பெயர் வைத்துத் தூர்வாரிய ஊர் இது. மொத்த உரிமையாளர்கள் எத்தனை பேர்? மூன்று. பொறுப்பேற்றவர்கள்? அது பாடத்திட்டத்தில் இல்லை. கடைசியில் அவருடைய அம்மாவுக்கு 10 லட்சம் ரூபாய் என்று அமைச்சரவை முடிவு செய்தது. விடை கிடைத்தாயிற்று, அடியில் இரண்டு கோடு இழுத்தாயிற்று. கொட்டும் மழையில் ஒரு மனிதனைச் சாக்கடைக்குள் இறக்கியது எந்த நியாயம் என்பதுதான் கேள்வி. அதை யாரும் வாசிக்கவே இல்லை. எண்ணைப் பிடித்தார்கள், சொல்லைப் பிடித்தார்கள், போட்டுத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள். மாடியில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடம் வீண்போகவில்லை. பிள்ளைகள் வளர்ந்து அதிகாரிகளாகியிருக்கிறார்கள்.

வாக்கியக் கணக்கில் பையன் வீக் என்று புலம்பும் அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. டியூஷன் நோட்டீஸைக் கிழித்துப் போடுங்கள். கணக்கிலுள்ள எண்களைக் கையால் மறைத்துக்கொண்டு, “இதுல என்ன நடக்குது, சொல்லு” என்று பிள்ளையிடம் கேளுங்கள். குலை விற்றதைச் சொல்லட்டும், பஸ்ஸில் ஏறுவதைச் சொல்லட்டும், படம் வரைந்து காட்டட்டும். கதை அதன் வாயில் வந்தபிறகு எண்களைத் திறந்துவிடுங்கள். விடை வந்ததும், “இது நடக்கிற காரியமா?” என்று இன்னொரு கேள்வி. பத்து நிமிஷம் ஆகும், பைசா செலவில்லை.

ஆசிரியர்களுக்கும் வினாத்தாள் எடுப்பவர்களுக்கும் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு தேர்விலும் விடையே இல்லாத கணக்கு ஒன்று வையுங்கள். ‘இதில் கொடுத்த விவரம் போதாது’ என்று எழுதுகிற பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள். எண்ணை நீட்டினால் உடனே ஏமாறாமல் முதலில் கேள்வியைப் படிக்கிற ஒரு தலைமுறை இந்த ஊருக்கு உடனடியாகத் தேவை.