பெடல் சொன்ன பேச்சைக் கேட்டீரா மருமவனே?

வாரும் மருமவனே, வாரும். திண்ணையில இப்படி உக்காரும். பாவூர்சத்திரம் ரோட்டுல நேத்து நீரு நடத்தின கச்சேரியை ஊரே பாத்து முடிச்சிட்டு, எனக்கு மட்டும் தெரியாம இருக்குமா? ஒம்ம ஆம்னி வண்டியில ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்து போச்சு, சரி. இரும்புன்னா ஒருநா அறும். அதுக்காவ முன்சீட்டைத் தூக்கி வச்சு, கார்புரேட்டர்ல சணல் கயித்தைக் கட்டி, நுனியை ஒம்ம மச்சினன் கையில குடுத்து, "இழு மாப்ளே... விடு மாப்ளே..."ன்னு சந்தை வரைக்கும் ஓட்டிட்டுப் போனீரு பாத்தீரா, அந்த மூளைக்கு ஒமக்கு ஒரு மால போடணும்வே. பய பின்சீட்டுலருந்து குனிஞ்சு இஞ்சின் சூட்டுல மூஞ்சி வெந்து கெடக்கான். நீரு "விடு"ன்னு கத்துத நேரம் பாத்து அவனுக்குத் தும்மல் வந்திருந்தா? கத்திரிக்கா மூட்டையோட ஒம்மையும் எடை போட்டு எறக்கியிருப்பாக.

திடீர்னு அறுந்துட்டுன்னு எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு அலையுதீராமே. கேபிள் திடீர்னு அறுந்ததா எங்கயாவது உண்டா? அது மெல்லிசான கம்பிகளை முறுக்கித் திரிச்சது. பெடல்ல மாட்டுத குண்டுக்குப் பக்கத்துல, இல்லன்னா வளைவு எங்க இருக்கோ அங்க, ஒண்ணொண்ணா விட்டுப்போவும். விட்டுப்போன கம்பி முள்ளு மாதிரி நட்டுக்கிட்டு அவுட்டர் உறைக்குள்ள போய் உராயும். அப்ப பெடல் கனக்கும். போன மாசம் எங்கிட்ட என்ன சொன்னீரு? "மாமா, பெடல் இப்ப புது வண்டி மாதிரி நல்லா டைட்டா இருக்கு"ன்னு. பொறவு ஒருநா, "காலை எடுத்தாலும் வண்டி போவுது மாமா, பிக்கப் கூடிட்டு"ன்னு பால்கோவா வாங்கிட்டு வந்து குடுத்தீரு. நானும் தின்னேன், இல்லன்னு சொல்லல. அது பிக்கப் இல்லவே. உள்ள கம்பி சிக்கி த்ராட்டில் மூடாம நிக்கி. அறுந்து போனா வண்டி நிக்கும், அவ்வளவுதான். சிக்கிக்கிட்டா வண்டி நிக்காது. ரெண்டுல எது மோசம்னு நீரே சொல்லும்.

அப்படிச் சிக்குச்சுன்னா ஆண்டவனைக் கூப்பிடுததுக்கு முந்தி கிளச்சை மிதியும். இஞ்சின் கூப்பாடு போடும், போட்டுட்டுப் போவுது. பிரேக்கைப் போட்டு, கியரை எடுத்து நியூட்ரல்ல விட்டு, ஓரங்கட்டும். நின்ன பொறவு சாவியைத் திருப்பும். ஓடும்போதே பதட்டத்துல கடைசி வரைக்கும் திருப்பி உருவுனீருன்னா ஸ்டியரிங் பூட்டிக்கிடும். பொறவு ஓரங்கட்டுததுக்கு ரோடுதான் வளைஞ்சு குடுக்கணும்.

வண்டியை வித்துட்டுப் புதுசு எடுக்கப் போறேன்னு ஒம்ம வீட்டம்மாட்ட சொன்னீராம். எடும், யாரு வேண்டாம்னா? புது வண்டிகள்ல பெரும்பாலும் இந்தக் கேபிளே கெடையாது. பெடல்ல ஒரு சென்சார், அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் ஒரு மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் த்ராட்டிலைத் தெறக்கும். அது கெட்டா சணல் கட்டக்கூட எடம் இருக்காது. ஒம்ம ஆம்னி அப்படி இல்ல, 1984ல மாருதி வேன்னு வந்த சாதி. மூணு சிலிண்டரு, 796 சிசி இஞ்சினு, அதுவும் முன்சீட்டுக்கு அடியில. சினிமாவுல பொண்ணைத் தூக்குதவன் பூரா இந்த வண்டியிலதான் வருவான். அவன் வண்டியில ஒருநாளாவது கேபிள் அறுந்திருந்தா பாதிப் படம் இடைவேளையோட முடிஞ்சிருக்கும். 2019ல கம்பெனிக்காரன் இந்த வண்டியை நிப்பாட்டிட்டான். ஆனா இன்னைக்கும் தாலுகா ஊர்ல ஸ்பேர் கடையில போய் நின்னா சாமான் கெடைக்கும். ஒரு கேபிளுக்காவ வண்டியை விக்குதவன், செருப்பு வார் அறுந்ததுக்குக் காலை வெட்டுதவன்.

சரி, வேலைக்கு வாரும். கடைக்குக் கெளம்புததுக்கு முந்தி பழைய கேபிளைக் கழட்டும். இஞ்சின் ஆறட்டும், ஹேண்ட் பிரேக்கைப் போடும், சக்கரத்துக்கு ஒரு கல்லு வையும், வாயில இருக்கித பீடியைத் தூரப் போடும், அங்கன பெட்ரோல் இருக்கு. சீட்டைத் தூக்கினா கார்புரேட்டர் தெரியும். அதோட பக்கத்துல ஒரு சின்ன லிவர். அதைக் கையால திருப்பிப் பிடிச்சா கேபிள் தொய்யும், அப்ப நுனிக் குண்டைப் பள்ளத்துலருந்து நைசா எடுத்துரலாம். குறடை வச்சுப் பிடுங்கி லிவரை வளைச்சுட்டு எங்கிட்ட வராதேயும். அவுட்டரைப் பிடிச்சிருக்கித லாக் நட்டை இளக்கும். அந்தப் பக்கம் பெடலுக்கடியில தலையை நுழைச்சு இன்னொரு நுனியைக் கழட்டும். ஒம்ம தொந்திக்கு அது கொஞ்சம் சிரமம், மச்சினனை நுழையச் சொல்லும், அவனுக்குத்தான் இப்ப அனுபவம் வந்துட்டே.

கழட்டினதும் சர்ருன்னு உருவிராதேயும்! எல்லாரும் இங்கனதான் கோட்டை விடுதானுவ. பழைய அவுட்டர் நுனியில ஒரு நீளக் கயித்தைக் கட்டி, பொறவு உருவும். நேத்து கட்டின சணலே போதும், இன்னைக்காவது உருப்படியா ஒரு சோலி பாக்கட்டும். கேபிள் வெளிய வரும், கயிறு அது போன வழியில உள்ள கெடக்கும். புதுசை அந்தக் கயித்துல கட்டி இழுத்தா அதே தடத்துல போய்ச் சேந்துரும். இல்லன்னா எந்த ஓட்டையில நுழைஞ்சு எங்கன திரும்பினதுன்னு பொழுது அடையுத வரைக்கும் டார்ச் அடிச்சுத் தேடணும்.

பழசைக் கையோட கடைக்குக் கொண்டு போவும். "ஆம்னி கேபிள் ஒண்ணு குடுங்க"ன்னு மொட்டையாக் கேட்டா, கார்புரேட்டர் வண்டியா, பெட்ரோலைப் பீச்சுத எம்பிஎஃப்ஐ வண்டியான்னு கடைக்காரன் கேப்பான். நீரு வண்டி வெள்ளக் கலருன்னு சொல்லுவீரு. பழசையும் புதுசையும் சேத்துப் பிடிச்சு, நீளம், ரெண்டு நுனிக் குண்டு, நட்டு இருக்கித எடம் எல்லாம் ஒத்து வருதான்னு பாரும்.

மாட்டும்போது முறுக்கு விழாமப் பாத்துக்கிடும், ஒடிச்சு வளைக்காதேயும், சைலன்சர் பைப்புல ஒட்டவிடாதேயும். தகரத்துல அது நுழையுத ஓட்டையில ரப்பர் வளையம் இருக்கணும். அது பிஞ்சிருந்தா தகர விளிம்பு ரம்பம் மாதிரிதான் அறுக்கும். ஒமக்கு அறுந்த எடத்தை அங்கன வச்சுப் பாரும், பாதி நாயம் வெளங்கிரும்.

பொறவு நட்டைத் திருப்பி அளவு வைக்கணும். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம மச்சினனைப் பெடலை அடிமட்டம் மிதிக்கச் சொல்லி, நீரு லிவரைப் பாரும். முழுசாத் தெறக்கணும். காலை எடுத்தா டப்புனு மூடணும். மிதிக்காதப்ப கேபிள்ல ஒரு துளி தொய்வு இருக்கட்டும். விரைப்பா வச்சா ஐட்லிங் ஏறி நின்ன எடத்துல பெட்ரோல் குடிக்கும், ரொம்பத் தொய்ய விட்டா மேட்டுல மூட்டையோட ஏறாது. சரியா இருந்தா லாக் நட்டை இறுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணும். காலடியில போட்டிருக்கீரே பூப்போட்ட கால்மிதி, அது பெடலுக்கடியில மடங்கிக் கெடந்தா இவ்வளவு பாடும் வீணு.

சைக்கிள் பிரேக் வயரை ஸ்க்ரூ போட்டுக் கட்டி விடுதேன்னு மெக்கானிக் ஒருத்தன் சொன்னானாமே? வீடு வந்து சேர அது போதும். அதை வச்சு ஒரு அறுப்புக் காலம் பூரா ஓட்டலாம்னு அவன் சொன்னா, அவனையே பக்கத்து சீட்டுல உக்கார வச்சு ஓட்டும்.

வண்டியில மாட்டின ஸ்பீக்கருக்கு நீரு குடுத்த காசுல சில்லறையும் ஆவாது இந்தக் கேபிளு. அதனால ரெண்டா வாங்கும். ஒண்ணை மாட்டும், இன்னொண்ணை டூல்ஸ் பையில போட்டு வையும். சீட்டுக்கடியில மட்டும் போட்டுராதேயும்வே, அங்கன இஞ்சின் இருக்கு.